ஒரே வாக்கியம், இரண்டு நீதி

சட்டம் எழுதுவது எளிது. எழுதிய சட்டத்தை எல்லாருக்கும் ஒன்றுபோல் நடத்துவதே அரிது. இவ்வுண்மையைப் பல நாட்டுச் சரித்திரங்கள் நமக்குப் போதிக்கின்றன. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாட்டுத் துப்பாக்கி உரிமையின் சரித்திரம் நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமகனின் பிறப்புரிமையா, அன்றி அரசாங்கம் விரும்பினால் கொடுத்து விரும்பாவிட்டால் பறித்துக்கொள்ளும் சலுகையா? இந்த வழக்கு அந்நாட்டில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆயுதமில்லாத குடிமகன் கொடுங்கோலனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் இரையாவான் என்கின்றனர் ஒரு சாரார். துப்பாக்கி மலிந்த நாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உயிருக்கும் காவலில்லை என்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஆதாரமாகக் காட்டுவது அரசியல் சட்டத்தில் உள்ள ஒரே வாக்கியத்தைத்தான். அவ்வாக்கியம் எவ்வாறு பிறந்தது, யாருக்குக் கவசமாக நின்றது, யாருக்கு வெறுங் காகிதமாகப் போயிற்று என்பவற்றை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையில் நம்முடைய நோக்கமாகும்.

வாக்கியம் பிறந்த விதம்

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. இரண்டாம் ஜேம்ஸ் என்ற கத்தோலிக்க மன்னன் புராட்டஸ்டண்டு மதத்தாரின் ஆயுதங்களைப் பறித்தான் என்பது அவன்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. அவன் நாட்டைவிட்டு ஓடிய பின், 1689-ம் ஆண்டில் பார்லிமெண்டு இயற்றிய உரிமைச் சாசனத்தில், புராட்டஸ்டண்டுப் பிரஜைகள் தங்கள் அந்தஸ்துக்கு ஏற்ற ஆயுதங்களைச் சட்டம் அனுமதிக்கும் அளவில் வைத்துக்கொள்ளலாம் என்று விதிக்கப்பட்டது. மதம் ஒரு பூட்டு, அந்தஸ்து ஒரு பூட்டு, சட்டத்தின் அனுமதி ஒரு பூட்டு. ஆக, இவ்வுரிமை பிறக்கும்போதே மூன்று பூட்டுகளோடு பிறந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் 1775-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி பிரிட்டிஷ் படை கன்கார்டு என்னும் ஊரை நோக்கிப் புறப்பட்டது. ஊரார் சேமித்து வைத்திருந்த ஆயுதங்களையும் வெடிமருந்தையும் கைப்பற்றுவது அப்படையின் நோக்கம். வழியில் லெக்சிங்டனில் முதல் வெடி முழங்கியது; சுதந்திரப் போர் மூண்டது. ஆயுதத்தைப் பறிக்க வந்த அரசாங்கத்தோடு போரிட்டுப் பிறந்த நாடாகையால், நிரந்தரப் படை வைத்திருக்கும் எந்த அரசாங்கத்தையும் அம்மக்கள் ஐயத்தோடே நோக்கினர். 1787-ல் வரைந்த அரசியல் சட்டத்தில் மக்களின் உரிமைகள் தனியே பொறிக்கப்படவில்லை என்று கூக்குரல் எழுந்தது. அதன் பயனாக 1791-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி பத்துத் திருத்தங்கள் அமலுக்கு வந்தன. அவற்றுள் இரண்டாவது திருத்தமே நாம் குறிப்பிடும் வாக்கியம்.

ஆங்கிலத்தில் அது 27 சொற்களே கொண்டது. அதன் முற்பாதி, சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை இன்றியமையாதது என்கிறது. பிற்பாதி, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கலாகாது என்கிறது. குடிப்படையாவது, சம்பளம் பெறும் சிப்பாய்களல்லாமல், ஊர்க் குடிகளே தத்தம் ஆயுதங்களுடன் திரளும் படை. முற்பாதி பிற்பாதியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையா, அன்றி வெறுங் காரணமா? நிபந்தனை என்றால் குடிப்படையில் சேர்ந்தவனுக்கே உரிமை. காரணம் என்றால் ஒவ்வொரு தனி மனிதனுக்கும் உரிமை. இந்த இலக்கணச் சச்சரவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

"மக்கள்" என்பவர் யார்?

இலக்கணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வாக்கியத்திலுள்ள "மக்கள்" என்ற சொல் யாரைக் குறித்தது? மறு ஆண்டே, அதாவது 1792-ல், இயற்றிய குடிப்படைச் சட்டம் அதற்கு விடை கூறிற்று. 18 வயது முதல் 45 வயதுக்குட்பட்ட, உடல் வலிமையுள்ள, சுதந்திரமான, வெள்ளையரான ஆண் பிரஜை ஒவ்வொருவனும் படையில் பதிந்து, துப்பாக்கியையும் 24 தோட்டாக்களுக்குக் குறையாத பையையும் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிட்டது. வெள்ளையனுக்குத் துப்பாக்கி உரிமை மட்டுமன்று; கடமையுமாயிற்று.

கறுப்பு மக்களின் நிலை என்ன? 1680-லேயே வெர்ஜீனியாக் குடியேற்றம், நீக்ரோ எவனும் துப்பாக்கியோ வாளோ தடியோ ஏந்தலாகாது என்று சட்டம் செய்திருந்தது. தென்பகுதியில் புகையிலை, நெல், பருத்தித் தோட்டங்கள் நடத்திய துரைமார், அடிமைகள் என்றேனும் ஒருநாள் எழுவார்களோ என்ற அச்சத்திலேயே காலம் கழித்தனர். அங்கே குடிப்படைக்கிருந்த முக்கியமான வேலைகளில் ஒன்று, இரவில் ரோந்து சுற்றி அடிமைகளைப் பிடிப்பதும் அவர்கள் குடிசைகளைச் சோதனையிடுவதுமேயாகும்.

டென்னெசி மாகாணத்தின் செய்கை இங்கே குறிப்பிடத் தக்கது. அம்மாகாணத்தின் 1796-ம் ஆண்டு அரசியல் சட்டம், ஆயுதம் தாங்கும் உரிமை "சுதந்திர மனிதருக்கு" உண்டு என்றது. 1834-ல் அதைத் திருத்தியவர்கள் "சுதந்திர வெள்ளை மனிதருக்கு" என்று ஒரு சொல்லை நுழைத்தார்கள். அடிமைத்தளையினின்று நீங்கிய கறுப்பு மனிதர் அந்த ஒரு சொல்லால் உரிமையை இழந்தனர். மனுநீதி ஒரு குலத்துக்கொரு நீதி உரைப்பதை அறிந்த நமக்கு இத்தகைய எழுத்து வேலை புதிதன்று.

1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலை கோரித் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கறுப்பு மக்கள் அமெரிக்கப் பிரஜைகளாக இயலாது என்றார் தலைமை நீதிபதி டேனி. அதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்றைப் பாருங்கள். அவர்களைப் பிரஜைகள் என்று ஒப்பினால், அவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம், தாராளமாகப் பேசலாம், கூட்டம் கூடலாம், சென்றவிடமெல்லாம் ஆயுதமும் தாங்கலாம். ஆகவே ஒப்ப முடியாது! உரிமை பிறந்துவிடுமே என்ற பயத்தால் மனிதனையே மறுத்த தீர்ப்பு இது.

விடுதலையும் பறிமுதலும்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 1,80,000 கறுப்பு வீரர்கள் வட அரசாங்கத்தின் படையில் சேர்ந்து போரிட்டனர். அடிமைத்தனம் ஒழிந்தது. துப்பாக்கி பிடித்து நாட்டைக் காத்தவர்கள் அத்துப்பாக்கியோடு வீடு திரும்பினர். துரைமார் பொறுப்பார்களா? 1865 நவம்பரில் மிசிசிப்பி மாகாணம் ஒரு சட்டம் இயற்றிற்று. படையில் இல்லாத கறுப்பு மனிதன், உள்ளூர் அதிகாரக் குழுவின் லைசென்சு இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் பத்து டாலர் வரை அபராதம். பிடிபட்ட ஆயுதம் யாருக்கு? துப்புச் சொன்னவனுக்கே! காட்டிக் கொடுப்பவனுக்குச் சட்டமே கூலி கொடுத்தது. லைசென்சு கொடுக்கும் அதிகாரமோ நேற்றுவரை அடிமைகளை ஆண்டவர் கையில் இருந்தது.

இவ்வநீதியைக் கண்ட வடநாட்டார் சும்மாயிருக்கவில்லை. 1866-ல் காங்கிரஸ் மகாசபை, ஆயுதம் தாங்கும் உரிமை உட்பட எல்லா உரிமைகளும் நிறபேதமின்றி எல்லாப் பிரஜைகளுக்கும் உண்டு என்று சட்டம் செய்தது. 1868-ல் பதினான்காவது திருத்தம் நிறைவேறிற்று. அமெரிக்காவில் பிறந்த யாவரும் பிரஜைகளே; எந்த மாகாணமும் பிரஜைகளின் உரிமைகளைக் குறைக்கலாகாது; சட்டத்தின் பாதுகாப்பு யாவர்க்கும் சமமாகும் என்பன அதன் சாரம். டேனி அஞ்சியது நடந்துவிட்டது என்றே தோன்றிற்று. ஏட்டில் எழுதியது நாட்டில் நடந்ததா என்பதைக் கால்பாக்ஸ் என்ற ஊர் சொல்லும்.

கால்பாக்ஸ்

லூயிசியானா மாகாணத்தில் கிராண்ட் என்பது ஒரு வட்டம். கால்பாக்ஸ் அதன் தலையூர். போரில் வென்ற தளபதியும் பின்னர் ஜனாதிபதியுமான கிராண்டின் பெயரும், அவருடைய உபஜனாதிபதி கால்பாக்ஸின் பெயருமே அவற்றுக்கு இடப்பட்டிருந்தன. 1872-ம் ஆண்டு மாகாணத் தேர்தலில் இரு கட்சியாரும் தாமே வென்றதாகச் சாதித்தனர். பெரும்பாலும் கறுப்பு மக்கள் ஆதரித்த கட்சியின் உத்தியோகஸ்தர்கள் நீதிமன்றக் கட்டடத்தில் பதவியேற்றார்கள். அவர்களைக் காக்கக் கறுப்புக் குடியானவர்கள் கிடைத்த துப்பாக்கிகளோடு அங்கே கூடி, சுற்றிலும் மண் அணை எழுப்பிக்கொண்டார்கள்.

1873-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளையர் கூட்டம் ஒன்று குதிரைகளோடும் சிறு பீரங்கியோடும் வந்து சூழ்ந்தது. பீரங்கி முழங்கவே மண் அணை காத்தவர்கள் சிதறினர். கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்து சரணடைய வெளிவந்தவர்கள் சுடப்பட்டார்கள். கைதிகளாகப் பிடிபட்டோர் பலர் அன்றிரவே கொல்லப்பட்டார்கள். மாண்ட கறுப்பு மக்களின் தொகையை 60 என்பாரும் உண்டு, 150 என்பாரும் உண்டு. இறந்த வெள்ளையர் மூவர்.

மத்திய அரசாங்கம் 97 பேர்மேல் குற்றம் சாட்டியது. விசாரணைக்குக் கொண்டுவர முடிந்தது ஒன்பது பேரை. குற்றவாளிகள் எனத் தீர்ந்தவர்கள் மூவர். அதுவும் கொலைக் குற்றத்துக்கன்று, பிரஜைகளின் உரிமைகளைப் பறிக்கச் சதி செய்ததற்காக. பறித்த உரிமைகளாகக் குற்றப்பத்திரம் கூறியவற்றுள் கூட்டம் கூடும் உரிமையும் ஆயுதம் தாங்கும் உரிமையும் இருந்தன.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. குற்றவாளிகளில் ஒருவனுடைய பெயரால் குரூக்ஷாங்க் வழக்கு எனப்படும் அதில் 1876-ம் ஆண்டு மார்ச்சு மாதம் தீர்ப்பு வந்தது. இரண்டாவது திருத்தம் மத்திய அரசாங்கத்தின் கையை மட்டுமே கட்டுகிறது. பதினான்காவது திருத்தம் மாகாணத்தைக் கட்டுமேயன்றித் தனி மனிதரைக் கட்டாது. தனி மனிதர் உரிமையைப் பறித்தால் மாகாண அரசாங்கத்திடமே முறையிட வேண்டும் என்றது கோர்ட்டு. மூவரும் விடுதலையானார்கள். மாகாண அரசாங்கமோ விரைவில் கொன்றவர்களின் கட்சியார் கைக்கே போயிற்று. ஆட்டுக்குட்டி ஓநாயிடம் போய் வழக்குரைக்க வேண்டியதாயிற்று!

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால்பாக்ஸ் மக்களிடம் துப்பாக்கி இல்லாமற் போகவில்லை, இருந்தது. அரசியல் சட்டத்தில் உரிமை இல்லாமற் போகவில்லை, அதுவும் இருந்தது. இல்லாமற் போனது, தாக்கியவனைத் தண்டிக்கும் நீதி ஒன்றே. சட்டம் தன் பக்கம் நில்லாதவனைத் துப்பாக்கி காப்பாற்றவில்லை. 1950-ல் லூயிசியானா அரசாங்கம் அவ்வூரில் ஒரு பலகை நாட்டி, நடந்தது "கலகம்" என்றும், அதனால் தென்னாட்டில் தவறான ஆட்சி ஒழிந்தது என்றும் எழுதி வைத்தது. கொன்றவனுக்குப் புகழுரை! அப்பலகை 2021-ல்தான் அகற்றப்பட்டது. மாண்டவர்களுக்கு நினைவுக் கல் எழுந்தது 2023-ல். 150 ஆண்டுகள் கழிந்த பின்.

தொழிலாளரும் சிறுத்தைகளும்

சிக்காகோ நகரில் ஜெர்மானியத் தொழிலாளர்கள், முதலாளிமாரின் அடியாட்களிடமிருந்தும் போலீசாரிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள ஒரு சங்கம் அமைத்து ஆயுதப் பயிற்சி செய்தனர். 1879-ல் சுமார் 400 பேர் துப்பாக்கிகளோடு ஊர்வலம் வந்தனர்; பிரஸ்ஸர் என்பவர் குதிரைமேல் வாளேந்தி முன் சென்றார். லைசென்சு இல்லாப் படை என்று அவருக்குப் பத்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1886-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதிப்படுத்திற்று. இரண்டாவது திருத்தம் மாகாணத்தைக் கட்டாது என்ற பழைய பல்லவியே மீண்டும் பாடப்பட்டது.

1934-ல் கள்ளச்சாராயக் கூட்டத்தாரின் அட்டகாசத்தை அடக்க, இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் அறுத்துக் குறுக்கிய வேட்டைத் துப்பாக்கிக்கும் 200 டாலர் வரி விதித்தார்கள். அவ்வரியை எதிர்த்த மில்லர் என்பவனின் வழக்கு 1939-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது அவன் தரப்பில் வாதாட எவரும் வரவில்லை. தீர்ப்பு வருமுன்பே அவன் கொலையுண்டான். குடிப்படைக்கு உதவாத அத்தகைய ஆயுதத்துக்கு உரிமை கோர முடியாது என்று கோர்ட்டு சொல்லிற்று. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு அதுவே சட்டமாக விளங்கியது.

நிற்க. 1956 ஜனவரியில் மாண்ட்கமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அவர் துப்பாக்கி லைசென்சுக்கு மனுச் செய்தார், மறுக்கப்பட்டது. அவரைவிட உயிராபத்து உடையவர் அந்நகரில் எவர் இருந்தார்? பின்னர் அவர் துப்பாக்கியை அறவே துறந்து அகிம்சை நெறியில் உறுதிப்பட்டார் என்பது உலகறிந்த செய்தி. 1968-ல் அவர் உயிரைக் குடித்ததும் ஒரு துப்பாக்கியே.

1966-ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் கறுஞ்சிறுத்தைக் கட்சி தோன்றிற்று. வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவது அப்போது அம்மாகாணத்தில் குற்றமன்று. அக்கட்சி இளைஞர்கள் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் சட்டப் புத்தகமுமாகப் போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து, கறுப்பு மக்களை அவர்கள் நடத்தும் முறையைக் கண்காணித்தனர். உடனே அவ்வழக்கத்தைத் தடுக்க ஒரு மசோதா வந்தது. 1967 மே 2-ந் தேதி சுமார் 30 பேர் ஆயுதங்களோடு சட்டசபைக் கட்டடத்துள் நுழைந்து ஆட்சேபித்தனர். ஜூலையில் மசோதா சட்டமாயிற்று. கையெழுத்திட்டவர் கவர்னர் ரொனால்டு ரீகன். ஆதரித்தோருள் தேசியத் துப்பாக்கிச் சங்கமும் ஒன்று. அதே ரீகன் ஜனாதிபதியாகி, 1983-ல் அச்சங்கத்தின் மாநாட்டிலேயே துப்பாக்கி உரிமையைப் போற்றிப் பேசினார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நம் பழமொழி அமெரிக்காவுக்கும் பொருந்துகிறதல்லவா?

புதிய தீர்ப்புகள்

2008-ல் ஹெல்லர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு முதன்முறையாக, இவ்வுரிமை குடிப்படையைச் சாராத தனி மனித உரிமையே என்று தீர்த்தது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். வாஷிங்டன் நகரம் கைத்துப்பாக்கிக்கு விதித்திருந்த தடை வீழ்ந்தது. ஆயினும் கொடுங்குற்றம் புரிந்தோர் கையிலும் பள்ளிக்கூடம் போன்ற இடங்களிலும் துப்பாக்கியைத் தடுக்கும் சட்டங்களை இத்தீர்ப்பு அசைக்காது என்றும் கோர்ட்டு கூறிற்று.

அடுத்து 2010-ல் சிக்காகோ நகரின் தடை வீழ்ந்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் ஓட்டிஸ் மக்டானல்டு. எழுபது வயதைக் கடந்த கறுப்பு முதியவர். வாரக் குடியானவரின் மகனாகப் பிறந்து, பிழைப்புத் தேடி இளமையில் சிக்காகோ வந்தவர். திருடர்கள் பன்முறை புகுந்த வீட்டில் வாழ்ந்தவர். அவர் பிறந்த மாகாணம் எது? லூயிசியானா, கால்பாக்ஸ் இருக்கும் அதே லூயிசியானா! இரண்டாவது திருத்தம் மாகாணங்களையும் நகரங்களையும் கட்டும் என்று 134 ஆண்டுகளுக்குப் பின் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. தீர்ப்பில் கால்பாக்ஸ் படுகொலையும் எடுத்துரைக்கப்பட்டது. மாறுபட்ட நீதிபதிகளோ, அந்நகரின் கொலைக் கணக்கைக் காட்டி, அதைத் தடுக்கும் பொறுப்பு மக்கள் தேர்ந்த சபைகளுக்கே உரியது என்றனர். அதுவும் அற்ப வாதமன்று.

2022-ல் நியூயார்க்கு வழக்கில், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டு செல்லத் தனிக்காரணம் காட்ட வேண்டும் என்ற விதி தள்ளப்பட்டது. அத்தீர்ப்பை எழுதிய கறுப்பு நீதிபதி தாமஸ், ஆயுதம் தாங்கும் உரிமை பழமையானதே என்று நிறுவ, 1857-ல் டேனி எழுதிய அந்த அச்ச வார்த்தைகளையே சாட்சியாகக் காட்டினார். பிரஜையாக்க மறுக்கச் சொன்ன காரணம் பிரஜையின் உரிமைக்கு ஆதாரமாயிற்று! அவ்வழக்கில் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பு வக்கீல்கள் சிலரும் விதியை எதிர்த்தனர். லைசென்சு இல்லை என்று சிறை செல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பு மக்களும் ஸ்பானிய வழியினருமே என்பது அவர்கள் முறையீடு. 2024-ல், மனைவியையோ துணையையோ துன்புறுத்துவதாகக் கோர்ட்டுத் தடையாணை பெற்றவனிடமிருந்து துப்பாக்கியை நீக்கலாம் என்று எட்டு நீதிபதிகள் தீர்த்தனர்; மாறுபட்டவர் தாமஸ் ஒருவரே.

நாம் கொள்ளத் தக்கது

இதனால் துப்பாக்கி பெருகுவது நன்று என்று நாம் சொல்ல வரவில்லை. 2021-ம் ஓராண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கொலையுண்டோரிலோ கறுப்பு இளைஞரின் பங்கு அவர்தம் மக்கள் தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிது. உரிமையை நெடுங்காலம் மறுக்கப்பட்டவனே, அது கிடைத்த பிறகு அதன் கேட்டையும் அதிகமாகச் சுமக்கிறான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கி கடுமையான சட்டத்துக்கு உட்பட்டது. அதைத் தளர்த்த வேண்டுமென்று கேட்போர் நம்முள் இலர்.

உரிமை கிடைத்துவிட்டதென்று நிம்மதி கொள்ளவும் இயலவில்லை. 2016 ஜூலையில் மின்னசோட்டா மாகாணத்தில் போலீசார் ஒரு கறுப்பு இளைஞரின் மோட்டார் வண்டியை நிறுத்தினர். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவரே அடக்கத்தோடு தெரிவித்தார். அதற்கு முறையான லைசென்சும் பெற்றிருந்தார். அடுத்த சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் குற்றவாளியல்லன் என்று மறு ஆண்டு ஜூரிகள் தீர்த்தனர். லைசென்சு இருந்தது, தீர்ப்புகளும் இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர்க்கு இச்சரித்திரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சட்டப் புத்தகத்தில் நம் பெயர் இருக்கிறது என்று கேட்டவுடனே மனம் நிறைந்து திரும்பிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கூலிச் சட்டமாயினும், வீட்டுரிமையாயினும், பள்ளிக்கூட விதியாயினும், அது யாரைத் தன் "மக்கள்" என்று எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். அதை நடத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, மீறியவனைத் தண்டிக்கும் நீதி எந்த வாசலில் கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். டென்னெசி மாகாணத்தார் ஒரே ஒரு சொல்லை நுழைத்தபோது, அதனால் பாதிக்கப்பட்டவருள் எத்தனை பேர் எழுத்தறிந்திருந்தனர்? அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதையே குற்றமாக்கிய மாகாணங்களும் அந்நாளில் இருந்தன என்பதை மறவாதீர்கள். நமக்கு அத்தகைய தடை இல்லை. சட்டத்தை வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துச் சொல்லுங்கள். விளங்காத சொல்லை விளக்குமாறு கேளுங்கள். அவ்வேலையை நாம் செய்யாவிட்டால் நமக்காக வேறு எவரும் செய்யப் போவதில்லை.